பேத்தியின் இன்டர்வியூவுக்கு நான் ஊம் கொட்டிய கதை

எனக்கு எழுபத்து மூன்று வயது. வளர்த்தது ஏழு பிள்ளைகள். பெற்றது ஐந்துதான். ஆறாவது, கொழுந்தனார் விட்டுப் போன பையன். ஏழாவது, என் கடைசி மகனின் பெண். மகன் ஒரகடத்தில் கம்பெனி வண்டி ஓட்டுகிறான். மருமகளுக்கும் அந்தப் பக்கமே இன்னொரு கம்பெனியில் வேலை. விடிவதற்குள் பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும். அதனால் இந்தப் பெண் பால் மறந்த நாளிலிருந்து என் இடுப்பில்தான் வளர்ந்தாள். ஏழு பேரில் ஒருவர்கூட வீணாய்ப் போகவில்லை. இதை நானே சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்வதாக இல்லை.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். உத்திரமேரூர் பஸ் எது, செங்கல்பட்டு பஸ் எது என்று யாரையும் கேட்க மாட்டேன். ரேஷன் கடையில் இன்றைக்குப் பருப்பு உண்டா இல்லையா என்று பலகையைப் பார்த்தே சொல்வேன். அதற்கு மேல் படிப்பு எனக்குத் தேவைப்பட்டதில்லை. போன தை மாதம்தான் தேவைப்பட்டது.

பேத்தி சென்னையில் எம்.பி.ஏ. முதல் வருடம். விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தை மாதத்தில் ஒரு நாள் முகமெல்லாம் முத்தோடு வந்து இறங்கினாள். அம்மை. வாசலில் வேப்பிலை சொருகினேன். வீட்டில் தாளிப்பதை நிறுத்தினேன். மூன்று தண்ணீர் ஊற்றும் வரை வெளியே போகக் கூடாது, யாரும் உள்ளே வரவும் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவள் படுத்த இடத்தில் அழுதாள். அரிப்பினால் என்று நினைத்து வேப்பிலைக் கொத்தால் தடவிக் கொடுத்தேன்.

"அரிப்பு இல்ல ஆயா. இந்த மாசந்தான் காலேஜுக்குக் கம்பெனிக்காரங்க வராங்க. இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் எடுக்க."

கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஒரு கம்பெனியில் போய் வேலை பழகுவதற்குத்தான் அந்தப் பெயராம். நன்றாகச் செய்தால் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலைக்கு எடுத்துக் கொள்வார்களாம். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் எழுதிப் போட்டதில் இவள் பெயரை இரண்டு கம்பெனிகள் கூப்பிட்டிருந்தன. மற்றவர்கள் கல்லூரியில் நேரில் போய் உட்காருவார்கள். இவள் அம்மையோடு இருப்பதால் வீட்டிலிருந்தே லேப்டாப்பில் பேசச் சொல்லிவிட்டார்கள்.

"அது இன்னா வேலை கண்ணு?" என்றேன்.

"மொதல் கம்பெனி இன்வெஸ்ட்மென்ட் பேங்க் ஆயா. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிய வாங்கணும்னு வெச்சிக்கோ. இவங்க நடுவுல இருந்துகினு, அது இன்னா வெல பெறும்னு பார்த்து, ரெண்டு பேத்தையும் பேச வெச்சி முடிச்சிக் குடுப்பாங்க."

"தரகு."

"தரகு இல்ல ஆயா!"

"மாட்டுச் சந்தையில துண்டு போட்டுகினு பேசுவான். நீங்க கோட்டு போட்டுகினு பேசுவீங்க. சரி, இன்னொண்ணு?"

"அது பிரைவேட் ஈக்விட்டி. நாலு பேரு பணத்தச் சேத்து ஒரு கம்பெனியவே வாங்கிடுவாங்க. அதுல கீற கோளாறெல்லாம் சரி பண்ணி, அஞ்சாறு வருசத்துல நல்ல வெலைக்கு வித்துடுவாங்க."

"வளத்துட்டு வித்துடுவாங்களா? மனசு வருமா?"

"ஐயோ ஆயா! இத்த நீ இன்டர்வியூல வந்து கேட்டுடாத!" என்று சிரித்தாள். அம்மை கண்டு மூன்று நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு அடங்கியதும் விஷயத்தைச் சொன்னாள். கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கு அப்பா பேங்கில் இருப்பார், இல்லை மாமா பேங்கில் இருப்பார். அந்தப் பிள்ளைகள் சோறு தின்கிற நேரத்திலேயே இந்தப் பேச்சைக் காதில் வாங்கி வளர்ந்தவர்கள். இவளுக்கு எல்லாமே புத்தகத்தில் பார்த்த சொல். இரண்டு கம்பெனியும் வேண்டாம் என்றுவிட்டால், கல்லூரி கை காட்டுகிற இடத்துக்குப் போக வேண்டும். போன வருடம் அப்படிப் போனவர்கள் இரண்டு மாதமும் வீடு வீடாக ஏறி இறங்கி இன்சூரன்ஸ் விற்றார்களாம். அதற்குப் பிறகு இந்த வேலைக்குள் நுழைவது குதிரைக் கொம்பாம்.

"ரெண்டே ரெண்டு வாய்ப்புதான் ஆயா," என்றாள்.

இதை என் மகன் கேட்டுக்கொண்டே வந்தான். அவன் எதையும் நம் ஊரிலிருந்துதான் ஆரம்பிப்பான். "இன்டர்வியூன்றது நம்ம உத்திரமேரூரு கண்டுபிடிச்சதும்மா. யாரு சபையில நிக்கலாம், யாரு நிக்கக் கூடாது, வயசு இன்னா, சொந்த வூடு கீதா, படிப்பு கீதான்னு கோயில் கல்லுலயே எழுதிக் கீறாங்க. பயப்படாத கண்ணு, நம்ம ரத்தத்துலயே கீது."

"அந்தக் கல்லுல பொம்பளைங்க நிக்கலாம்னு எழுதிக் கீதா நைனா?" என்று கேட்டாள் இவள்.

அவன் செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டான்.

விடுதியில் இருந்திருந்தால் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுப் பழகுவார்களாம். இங்கே வேப்பிலைக் கொத்தைத் தாண்டி யார் வருவார்கள்? போனில் கூப்பிட்டால் அவரவருக்கு அவரவர் கவலை. இரண்டாம் தண்ணீர் ஊற்றின அன்று ஒரு நீள நோட்டை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள்.

"ஆயா, நீதான் என்னை இன்டர்வியூ பண்ணணும்."

"எனக்கு இங்கிலீசு இன்னா தெரியும்?"

"கேள்விய மட்டும் படிச்சா போதும். தமிழ் எழுத்துலயே எழுதிக் கீறேன்."

முப்பத்திரண்டு கேள்வி. இங்கிலீஷ்தான், ஆனால் நம் எழுத்து. 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்.' 'ஒய் திஸ் ஃபர்ம்.' ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன்.

"டெ… ல்… மீ… டெல்மீ…"

"ஆயா, நீ படிச்சி முடிக்கறதுக்குள்ள எனக்கு அம்மை எறங்கிடும்."

"பெரிய அதிகாரிங்க அவசரப்பட மாட்டாங்க. குந்து."

நான்கு நாளில் முப்பத்திரண்டும் எனக்கு மனப்பாடம். இப்போதும் கேட்டுப் பாருங்கள், வரிசையாகச் சொல்வேன். பொருள் கேட்காதீர்கள்.

கேட்கிறவள் என்பதால் கை வைத்த நாற்காலி எனக்கு. பதில் சொல்கிறவள் ஸ்டூலில். எனக்குச் சில சட்டங்கள் போட்டாள். கேள்வி கேட்கிறவர் சிரிக்கக் கூடாது. கொட்டாவி விடக் கூடாது. நடுவில் எழுந்து கோழியை விரட்டக் கூடாது. ஊம் கொட்டக் கூடாது என்று மட்டும் அவள் சொல்லவில்லை. அது அவளுக்குத் தோன்றவே இல்லை. எனக்கும்தான்.

எங்கள் வீட்டில் ஒருவர் பேசினால் இன்னொருவர் ஊம் கொட்ட வேண்டும். ஏழு பிள்ளைகளுக்கும் நான் கதை சொன்னது அப்படித்தான். ஒரு வரி சொல்வேன், ஊம் வரும். அடுத்த வரி. ஊம் வராவிட்டால் பிள்ளை தூங்கிவிட்டது என்று பொருள். கதையை அங்கேயே நிறுத்திவிட்டு என் வேலையைப் பார்க்கப் போவேன். இவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து டீச்சர் அடித்தது, கூட்டாளி பேனா எடுத்தது என்று சொல்லும்போது நான் அடுப்பைப் பார்த்தபடியே ஊம் கொட்டுவேன். ஊம் தவறினால் அவள் வாயை மூடிக்கொள்வாள். "ஆயா, கேக்கறியா இல்லியா?" என்பாள்.

ஆகவே அவள் ஸ்டூலில் உட்கார்ந்து இங்கிலீஷில் பதில் சொல்லச் சொல்ல, நான் நாற்காலியில் உட்கார்ந்து ஊம் கொட்டினேன். சொல் புரியவில்லை என்றாலும் வரி எங்கே முடிகிறது என்பது குரலிலேயே தெரிந்துவிடும். நல்ல பதில் என்று தோன்றினால் நீட்டி ஒரு ஊம். பெரிய பதில் என்றால் மூக்கால் ஒரு ஊம்.

"நீ ஊம் கொட்டினா எனக்கு மடமடன்னு வருது ஆயா," என்று கன்னத்தைக் கிள்ளினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்லூரி வாத்தியார்களால் முடியாததை நான் செய்துவிட்டேன் என்று கோழியிடம்கூடச் சொன்னேன்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய மூன்றாவது நாள் முதல் இன்டர்வியூ. உத்திரமேரூரில் வக்கீல்களுக்குத் தைக்கிற தையல்காரரிடம் மகன் அளவுச் சட்டையைக் கொடுத்து ஒரு கறுப்புக் கோட்டு தைத்து வந்திருந்தான். மேலே கோட்டு, கீழே பூப்போட்ட பாவாடை. லேப்டாப்பில் இடுப்புக்கு மேல்தான் தெரியுமாம். சேவலைக் கூடை போட்டு மூடினேன். முன் அறை ஜன்னல் ஓரத்தில்தான் சிக்னல் வரும், அங்கே மேசை. என்னைச் சமையல்கட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்.' அட, நம் கேள்வி! இவள் ஒரு வரி சொன்னாள். நிறுத்தினாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"ஆம் ஐ ஆடிபிள்?" என்றாள். நான் பேசுவது கேட்கிறதா என்று அதற்குப் பொருள் என்பது எனக்கு அன்றே தெரிந்துவிட்டது, அத்தனை முறை கேட்டாள். "எஸ்" என்றது அந்தக் குரல். இன்னொரு வரி சொன்னாள். மறுபடி நிறுத்தினாள். மறுபடி அதே கேள்வி. நான் நெட்டுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். ஏழாவது தடவை நிறுத்தியபோது என் தொண்டைக்குள் ஊம் வந்து நின்றது. முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே தகவல் வந்தது. இவள் பெயர் இல்லை. கல்லூரியில் இருக்கும் தோழி ஒருத்தி விசாரித்துச் சொன்னாள். பதில் எல்லாம் சரியாம், ஆனால் பெண்ணுக்குத் தைரியம் இல்லையாம், நின்று நின்று பேசுகிறாளாம்.

பேத்தி கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஆயா, அவங்க மைக்க மூடி வெச்சிகினு கேட்டாங்க. ஒரு சத்தம் இல்ல. நான் ஒவ்வொரு வரிக்கும் உன் ஊம்முக்குக் காத்துகினு இருந்தேன் ஆயா."

"இன்னா சொல்ற?"

"ஊம் வரலன்னா எனக்கு அடுத்த வரி வரல. அவங்க தூங்கிட்டாங்கன்னே தோணுது. உன்னாலதான் ஆயா!" சொல்லும்போது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஏழு பிள்ளைகளை வளர்த்திருக்கிறேன். என்னால் கெட்டது என்று ஒருவரும் ஒரு நாளும் சொன்னதில்லை. அன்றைக்கு நான் ராத்திரிச் சோறு வேண்டாம் என்றேன். மகன் வந்து, "இன்னாம்மா, ஊம் கொட்டினதுக்கு உண்ணாவிரதமா? இது பெரிய பேஜாரா கீதே," என்றான். தட்டைப் போடச் சொல்லி எழுந்தேன். கோபத்தில் பட்டினி கிடந்தால் மறுநாள் பயிற்சிக்கு யார் உட்காருவது? இன்னொரு கம்பெனிக்குப் பத்து நாள் இருந்தது.

ஊம் கொட்டாமல் இருப்பது ஒரு வேலையா என்று கேட்பீர்கள். இருந்து பாருங்கள். முதல் நாள் வாயை இறுக மூடிக்கொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது, ஊம் வாயை மூடினால்தான் நன்றாக வருகிறது. மறுநாள் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். வெற்றிலை போட்ட வாய்க்கு ஊம் ஒன்றுதான் பேச்சு. முன்பைவிட இரண்டு பங்கு வந்தது.

"ஆயா, நீ வாயால கொட்டல, வயித்துலருந்து கொட்டற," என்றாள்.

மூன்றாம் நாள் ஒரு முறம் வேர்க்கடலையை மடியில் வைத்துக்கொண்டேன். ஊம் வரும்போதெல்லாம் ஒரு கடலையை உடைப்பது என்று ஏற்பாடு. தொண்டையில் வருவது விரலுக்குப் போய்விடும். நன்றாகத்தான் போனது. ஒரு வரி, ஒரு பட். ஒரு வரி, ஒரு பட். இரண்டு நாளில் விதைக்கடலை எல்லாம் பருப்பாகிவிட்டது. மகன் தலையில் அடித்துக்கொண்டான். ஐந்தாம் நாள் முறம் காலி. நான் வெறுங்கையோடு உட்கார்ந்தேன். அவள் ஒரு வரி சொல்லிவிட்டு நின்றாள்.

"இன்னா கண்ணு?"

"கடலை சத்தத்துக்குக் காத்துகினு கீறேன் ஆயா!"

இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. கடைசியில், சத்தமே இல்லாமல் தலையை மட்டும் ஆட்டுவது என்று முடிவு செய்தோம். வரி முடிந்தால் ஒரு தலையாட்டு. அது இரண்டு பேருக்கும் ஒத்துவந்தது. தலையாட்டுக்குத் தலையாட்டு அவள் ஓட ஆரம்பித்தாள்.

அங்கே நாங்கள் நிறுத்தியிருக்க வேண்டும். தலையாட்டும் இல்லாமல் பேசக் கற்றிருக்க வேண்டும். ஆனால் இன்டர்வியூ அன்று காலையில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆயா, நீ லேப்டாப்புக்குப் பின்னாடி குந்திக்கோ. அவங்களுக்கு நீ தெரிய மாட்ட. சத்தம் போட வேணாம், தலைய மட்டும் ஆட்டு."

எனக்கும் ஆசைதான். யாரும் பார்க்கப் போவதில்லை என்றாலும், இரண்டாவது மகள் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டேன். தலையை வாரி முடிந்தேன். இன்டர்வியூ என்றால் இன்டர்வியூதான்.

இவர்கள்தான் கம்பெனிகளை வாங்கி விற்கிறவர்கள், பம்பாயில் இருக்கிறவர்கள். லேப்டாப்பில் மூன்று பேர் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். எனக்கு முகம் தெரியவில்லை, குரல் மட்டும்தான். இரண்டு ஆண், ஒரு பெண். முதல் கேள்வி நம் நோட்டில் இருந்தது. ஆட்டினேன், ஓடினாள். இரண்டாவதும் நோட்டில் இருந்தது. ஆட்டினேன், ஓடினாள். மூன்றாவது கேள்வி நோட்டில் இல்லை. எனக்கு முப்பத்திரண்டும் மனப்பாடம் ஆயிற்றே, எனக்குத் தெரியாதா? அவள் பேசினாள், ஆனால் வேகமாகப் பேசினாள். தலையாட்டக்கூட இடம் கிடைக்கவில்லை.

அது முடிந்ததும் அந்தப் பெண் குரல் மெதுவாக ஏதோ கேட்டது. பேத்தியின் முகம் சுண்ணாம்பு அடித்தது போல் ஆகிவிட்டது. அவள் கண் லேப்டாப்புக்கு மேலே என்னைப் பார்த்தது. அந்தக் கேள்வி எதற்கு என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வரி முடிவிலும் இவள் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். பின்னால் யாரோ இருந்து பதில் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். அப்படிப் பிடிபட்டால் அந்தக் கம்பெனி மட்டுமல்ல, கல்லூரியே இனி எந்தக் கம்பெனிக்கும் அனுப்பாது என்று இவள் எனக்கு முன்னமே சொல்லியிருக்கிறாள்.

அவள் லேப்டாப்பை அப்படியே என் பக்கம் திருப்பினாள்.

மூன்று கட்டத்தில் மூன்று முகம். நரைமுடியைக் கட்டையாக வெட்டிய அம்மாள் ஒருவர். தாடி வைத்த ஒருவர். கண்ணாடி போட்ட ஒருவர். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். பட்டுப்புடவை கட்டியது நல்லதாய்ப் போயிற்று என்று அந்த நேரத்திலும் நினைத்தேன்.

பேத்தி என் பக்கத்தில் வந்து நின்று இங்கிலீஷில் நீளமாகச் சொன்னாள். நடுவில் 'ஊம்' என்றாள், கடலை உடைப்பது போல் விரலைக் காட்டினாள், தலையை ஆட்டிக் காட்டினாள். தாடிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து ஒன்று கேட்டார்.

"ஆயா, நான் பேசினது உனக்குப் புரிஞ்சிதான்னு கேக்கறாங்க."

"புரியலன்னு சொல்லு. ஆனா எது நல்லா சொன்ன, எது சொதப்பினன்னு தெரியும்னு சொல்லு."

அவள் சொன்னாள். அம்மாள் நாற்காலியில் முன்னால் சாய்ந்து இன்னொன்று கேட்டார்.

"அப்படின்னா எது சொதப்புச்சின்னு கேக்கறாங்க ஆயா."

இங்கேதான் என் வாயை நான் கட்டியிருக்க வேண்டும். எல்லாம் நன்றாகத்தான் சொன்னாள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பெரிய மனுஷி ஒருத்தி மரியாதையாகக் கேட்கிறாள். அதுவும் பிள்ளை வளர்ப்பைப் பற்றி என்னிடம் கேட்கிறாள்.

"மூணாவது," என்றேன். "அது அவளுக்குத் தெரியல. தெரியாதத சொல்லும்போது இவ வேகமா பேசுவா. சின்ன வயசுலருந்தே அப்படித்தான். பால யாரு குடிச்சதுன்னு கேட்டா பட்டாசு மாதிரி வெடிப்பா."

சொல்லி முடித்ததும்தான் நான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. பேத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். இதை அவள்தானே இங்கிலீஷில் சொல்ல வேண்டும்? பம்பாய்க்காரர்களுக்குத் தமிழ் எங்கே தெரியும்? "என் ஆயா ஒண்ணும் சொல்லல, நல்லா கீதுன்றாங்க" என்று மாற்றிச் சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது? மாற்றிச் சொல்லிவிடு கண்ணு என்று என் மனசு அடித்துக்கொண்டது. நான் தரையைப் பார்த்தேன்.

அவள் மாற்றவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். 'தேர்ட் கொஸ்டின்' என்றது எனக்குக் கேட்டது. 'ஐ டோன்ட் நோ' என்றதும் கேட்டது. அதற்குப் பொருள் எனக்குத் தெரியும், அது டி.வி.யிலேயே வரும். பட்டாசு வரைக்கும் சொன்னாள்.

பிறகு அந்த அம்மாள் சிரித்தார். நல்ல சிரிப்பு. சிரித்து முடித்துவிட்டு, பாட்டி வெளியில் உட்காரட்டும், இன்னும் மூன்று கேள்வி இருக்கிறது என்று சொன்னாராம். நான் மறுபடி ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

முருங்கை மரத்தடியில் துணி துவைக்கிற கல் இருக்கிறது. பட்டுப்புடவையோடு அதில் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக அவள் குரல் வந்தது. ஒரு வரி. நின்றது. என் தலை தானாக ஆடியது. ஆட்டி என்ன பயன், அவளுக்கா தெரியும்? கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன், திறந்திருந்தால் ஊம் வராது என்பது நான் கஷ்டப்பட்டுக் கற்ற பாடம். அடுத்த வீட்டுக்காரி வேலி ஓரமாக வந்து, "இன்னாக்கா, பட்டுப் பொடவையோட துவைக்கிற கல்லுல குந்திகினு வாயப் பொளந்துகினு கீற?" என்றாள். கையை ஆட்டி அவளைப் போகச் சொன்னேன்.

அடுத்த வரி வந்தது.

அதற்கடுத்த வரியும் வந்தது. 'ஆடிபிள்' வரவே இல்லை. வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை. தெருவில் தண்ணீர்க் குடம் தூக்கி வருகிறவள் போல அளவாக நடந்தது அவள் பேச்சு. நான் அங்கே இருந்தால் எங்கெங்கே ஊம் கொட்டியிருப்பேனோ, அந்த இடங்களைத் தானாகவே தாண்டிப் போனாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது. கொஞ்சம் என்னைக் கைவிட்ட மாதிரியும் இருந்தது. சும்மா சொல்லக் கூடாது.

வெளியே வந்து என் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தாள், கோட்டும் பாவாடையுமாக.

"போச்சா கண்ணு?" என்றேன்.

"தெரியல. மூணாவது கேள்விக்கு இன்னா பதில்னு கடைசியில அவங்களே சொல்லிக் குடுத்தாங்க. வட்டி ஏறிப்போச்சின்னா, வாங்கின கம்பெனிய விக்கும்போது இன்னா ஆவும்னு கேட்டாங்க. நான் சுத்திச் சுத்தி வந்தேன். நீ சொன்னது சரிதான். நீ சொல்லாட்டியும் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அந்தக் கண்ணாடிக்காரர் எந்த ஊரு?"

"இன்னாத்துக்கு?"

"பட்டாசு மாதிரி வெடிப்பான்னு நான் சொன்னேன் இல்ல? நீ இங்கிலீசுல சொல்றதுக்கு முன்னாடியே அவரு சிரிச்சிட்டாரு."

அவள் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள். "ஐயோ ஆயா. மாத்திச் சொல்லிடலாமான்னு ஒரு நிமிசம் நெனச்சேன் ஆயா!"

"எனக்குத் தெரியும். நானும் அதத்தான் நெனச்சேன்."

எட்டாம் நாள் மத்தியானம், நான் விதைக்கடலைக்காகப் பக்கத்து வீட்டில் ஒரு படி கேட்டுக்கொண்டு நின்றபோது, உள்ளேயிருந்து ஒரு கூச்சல் வந்தது. அம்மை இறங்கின பிள்ளை இப்படிக் கத்தினால் தெருவே கூடாதா? கூடியது. எடுத்துக்கொண்டார்கள். கோடையில் இரண்டு மாதம், பம்பாயில். கடிதத்தின் அடியில் அந்த அம்மாள் தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தாராம், பாட்டிக்கு வணக்கம் என்று. பேத்தியை அதைத் தமிழில் மூன்று தடவை சொல்ல வைத்தேன். நடுவில் ஊம் கொட்டினேன். அன்றைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மகன் மட்டும், "கல்வெட்டுல பேரு வெட்டிடலாமா?" என்றான்.

"மொதல்ல வெதக்கடலை வாங்கிக் குடுடா," என்றேன்.

அந்தக் கேள்வி நோட்டில் பாதிக்கு மேல் பக்கங்கள் காலியாக இருந்தன. "இதுல நீ எழுது ஆயா, நடந்தத அப்படியே," என்று போன வாரம் அவள்தான் கொடுத்தாள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று எழுத்துக் கூட்டி எழுதினேன். கை வலித்தால் நிறுத்திவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டேன். எனக்கு யாரும் ஊம் கொட்டவில்லை, ஆனாலும் எழுதி முடித்துவிட்டேன். கோடை வந்துவிட்டது, நாளைக் காலையில் அவளுக்குப் பம்பாய் ரயில். இப்போது உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். கோட்டை மடிப்பதா மாட்டி எடுத்துப் போவதா என்று தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

கண்ணு, பொட்டி கட்டினது போதும், இங்க வா. இத்த எடுத்து மொதல்ல இருந்து படி. தப்பு இருந்தா அப்புறம் திருத்திக்கலாம். நான் ஊம் கொட்டினாலும் கொட்டாட்டியும் நிறுத்தாத.